அமெரிக்காவில் அரசு எடுத்துக்கொண்ட குழந்தைக்குத் தனி வக்கீல் உண்டா? தீர்ப்பு தவறென்றால் அப்பீல் போக முடியுமா?

பல மாநிலங்களில் வக்கீல் உண்டு, அப்பீலும் போகலாம். ஆனால் இரண்டுமே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்காது. எந்த மாநிலம் என்று சொல்லவில்லை. சொந்தத்தில் யாருக்கோ நடக்கிறது, ராத்திரி தூக்கம் வராமல் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படி உட்கார்ந்து தேடியவள்தான்.

நான் சட்டம் படித்தவள் இல்லை. கலிபோர்னியாவில் என் தங்கை வீட்டில் நடந்ததை வைத்து எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சிலதை மாற்றியிருக்கிறேன். "குழந்தையைக் கொடுமைப்படுத்தியவளுக்கு வக்காலத்தா?" என்று கிளம்பி வருபவர்களுக்கு: அடித்தது அவள் புருஷன், வாங்கியது அவள். பெண் குழந்தை மேல் ஒரு கீறல்கூட இல்லை.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் சோஷியல் வொர்க்கர் பள்ளிக்கூடத்துக்கே போய், எட்டு வயதுப் பெண்ணை அழைத்துப் போய்விட்டார். அடிதடி நடக்கிற வீட்டில் குழந்தையை வைத்திருந்தாள், ஆகவே தாய் காப்பாற்றத் தவறினாள் என்பது குற்றச்சாட்டு. அடி வாங்கியதே அவள்மேல் குற்றமாகத் திரும்பியது. கோர்ட் விடுமுறை நாள் போக, எடுத்த 48 மணி நேரத்துக்குள் கவுன்ட்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) மனு போட வேண்டும், அதற்கு அடுத்த கோர்ட் நாளில் முதல் விசாரணை. என் தங்கைக்கு அழுது முடிக்கக்கூட நேரமில்லை.

பதினொரு நாள் பெண் யாரோ வீட்டில் இருந்தாள். என்னிடம் விடுவதற்குக் கைரேகை, பின்னணி விசாரணை, வீட்டுச் சோதனை எல்லாம். சோதனைக்கு வந்த அம்மா அடுக்களையில் அரிவாள்மனையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து நாலு வெண்டைக்காய் நறுக்கிக் காட்டினேன். பூட்டி வைக்கச் சொன்னார். இன்றைக்கும் அது கராஜில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே குழந்தைக்கு ஒருவர், சொந்தமாக வக்கீல் வைக்க வசதியில்லாத அம்மாவுக்கு ஒருவர், அப்பாவுக்கு ஒருவர் என்று கோர்ட்டே நியமிக்கும். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. 1974-இல் வந்த மத்தியச் சட்டம் குழந்தையின் சார்பில் ஒருவர் வேண்டும் என்கிறதே தவிர, அவர் வக்கீலாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை; சில இடங்களில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்தான் வருவார்.

பெண்ணின் வக்கீல் நல்ல மாதிரிதான். கோர்ட் வராந்தாவில் அவள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார். அம்மாவிடம் போகணும், சைக்கிள் வேணும் என்றாளாம். உள்ளே போனதும் அவர் எழுந்து, "குழந்தைக்கு வீட்டுக்குப் போக ஆசை" என்று ஜட்ஜிடம் சொன்னார். அதே மூச்சில், இப்போது அனுப்புவது பாதுகாப்பில்லை, கவுன்ட்டி சொல்வதை ஏற்கிறேன் என்றும் சொன்னார். காரில் வரும்போது பெண் கேட்டாள்: "பெரியம்மா, நான் சொன்னதைச் சொன்னாங்க. அப்புறம் ஏன் வேற சொன்னாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால்தான் தெரிந்தது, சட்டமே அப்படித்தான். நாலு வயதும் அதற்கு மேலும் உள்ள குழந்தை என்றால் அதன் விருப்பத்தைக் கேட்டு வக்கீல் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஆபத்து என்று அவருக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பச் சொல்லி வாதாடக்கூடாது. நாம் கூலி கொடுத்து வைக்கிற வக்கீல் மாதிரி நினைத்தால் ஏமாற்றம்தான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இதைக் குழந்தைக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமைதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த மாதம் எங்கள் ஊர் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. பெண்ணுக்கு ஔவையார் வேஷம், வசனம் மனப்பாடம். விஷயம் காதில் விழுந்ததும், "அவளுக்கு இப்போ சிரமமா இருக்குமே" என்று வேஷத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். நரைமுடி விக் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதைத் திருப்பிக் கேட்டு மட்டும் மெசேஜ் வந்தது.

சரி, அப்பீல். பெண்ணை என்னிடம் விட்ட தீர்ப்பை எதிர்த்துத் தங்கை போனாள். 60 நாளுக்குள் நோட்டீஸ் போட வேண்டும். படிவத்தின் எண் ஜேவி-800. அப்பீலுக்குப் புது வக்கீலையும் கோர்ட்டே கொடுத்தது. அக்கம்பக்கத்தாரிடம் கெஞ்சி வாங்கிய நற்சான்றுக் கடிதங்களை நான் அவருக்கு அனுப்பினேன். போனில் பொறுமையாகச் சொன்னார்: மேல்கோர்ட்டில் புதுக் கடிதம் செல்லாது. கீழ்க்கோர்ட்டில் பேசியதும் தாக்கல் செய்ததும்தான் கணக்கு. தீர்ப்புக்குப் போதிய ஆதாரம் இருந்ததா என்று பார்ப்பார்களே தவிர, மறுபடி முதலிலிருந்து விசாரிக்க மாட்டார்கள். அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது.

குழந்தையே அப்பீல் போனால் மேல்கோர்ட் அதற்குத் தனி வக்கீல் போட்டாக வேண்டும். அம்மா போன அப்பீலில் அது கட்டாயமில்லை, குழந்தைக்குப் பயன்படும் என்று கோர்ட் நினைத்தால்தான். எங்கள் பெண்ணுக்குப் போடவில்லை.

ஆறாவது மாத விசாரணையில் பெண்ணைத் தங்கையிடமே அனுப்பிவிட்டார்கள். அப்புறம் சில மாதம் கண்காணிப்பு, வழக்கும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் மேல்கோர்ட் முடிவு வந்தது: குழந்தை திரும்பிவிட்டது, வழக்கும் முடிந்துவிட்டது, தீர்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை, தள்ளுபடி. "காப்பாற்றத் தவறினாள்" என்ற வரி சரியா தவறா என்று யாரும் சொல்லவே இல்லை. தங்கை என்னை இரண்டு தடவை தமிழில் படிக்கச் சொன்னாள். "அப்போ அது அப்படியேதான் இருக்குமா அக்கா?" என்றாள். இருக்கும் என்றேன். பிள்ளை வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்காதீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

உங்களுக்கு அவசரமாக ஒன்று, கலிபோர்னியாவாக இருந்தால். பெற்றோர் உரிமையையே ரத்து செய்யும் விசாரணைக்கு ஜட்ஜ் தேதி குறித்திருந்தால், அதை நேரடியாக அப்பீல் செய்ய முடியாது. முதலில் ரிட் (அந்த உத்தரவைப் பரிசீலிக்கும்படி மேல்கோர்ட்டுக்குப் போடும் தனி மனு) போட வேண்டும், அதற்கான நோட்டீஸுக்கு, கோர்ட்டில் அன்று இருந்தவர்களுக்கு, 7 நாள்தான் அவகாசம். உத்தரவில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே வக்கீலுக்குப் போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் குரல் செய்தி விட்டு, விட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.