கணக்குக் காட்டாதவனின் மைத்துனன்

மனித இயல்பு, அறம், ஆட்சி பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றைப் படிக்கப் படிக்க என் மனம் உத்திரமேரூருக்கே திரும்பிக்கொண்டிருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. ஊர் வாரியங்களுக்கு, அதாவது ஊர்வேலைகளைக் கவனித்த குழுக்களுக்கு, குடவோலை முறையில் ஆள் எடுப்பதற்கான விதிகள் அவற்றில் உள்ளன. அந்தச் சுவரை முன்னால் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

மனிதன் இயல்பிலேயே நல்லவனா, கெட்டவனா? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, சீனத்து அறிஞர் இருவர் இதில் எதிரெதிராக நின்றார்கள். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் எவன் நெஞ்சும் பதறும், அந்தப் பதற்றமே மனிதன் நல்லவன் என்பதற்குச் சான்று என்றார் மென்சியஸ். அவருக்குப் பின் வந்த சுன்சி, மனித இயல்பு கோணல் மரம், ஆவியில் வாட்டி நிமிர்த்தினால்தான் நேராகும் என்றார். பல வருடங்களாக இருவரையும் படித்துவருகிறேன். ஒருவர் பக்கம் சாய எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

உத்திரமேரூர்ச் சபையார் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. வாரியத்துக்கு வருபவன் 'அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும்' உடையவனாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கைப்பொருளிலும் தூய்மை, உள்ளத்திலும் தூய்மை. அப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்த பிறகும், 360 நாளில் இறங்கிவிட வேண்டும் என்றார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவன் பெயரை மறுபடி ஓலையில் எழுதக் கூடாது. இடையில் குற்றம் தெரிந்தால் அப்போதே நீக்கம். அவன் நல்லவன் என்று நம்பித்தான் அழைக்கிறார்கள். பதவி அவனை என்ன செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தகுதியானவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்குவது பொறுப்பற்ற செயல் அல்லவா? (வங்கி ஊழியர், மதுரை)

குலுக்கலுக்கு முன்னால் சல்லடை இருந்தது, அம்மா. 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். இத்தனையும் தாண்டியவர்களின் பெயர்தான் ஓலையில் ஏறும்.

அந்த ஓலையை எடுத்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். குடும்புக்கு ஒரு கட்டாக ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் பெரியவர் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். ஊரில் உள்ள கோயில் பூசகர்களான நம்பிமார் அனைவரும் உள்ளே அமர்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தைத் தூக்கி எல்லாரும் காணும்படி நிற்கிறார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாங்கியதை அவர் வாசிப்பார். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் வாசிப்பார்கள்.

விரலை விரிக்கச் சொன்ன அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. மடக்கிய விரலுக்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதை அந்த மத்தியஸ்தன் மனம் புண்படாதபடி, எல்லா மத்தியஸ்தருக்கும் பொதுவான விதியாக எழுதிவிட்டார்கள்.

ஏதென்ஸ் நகரிலும் 500 பேர் கொண்ட ஆட்சி மன்றத்துக்குச் சீட்டு முறையில்தான் ஆள் எடுத்தார்கள். ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் தொடர்பு இருந்தது என்று சொல்லவரவில்லை. பதவியைத் தேடி அலைபவனைக் குறித்த கவலை இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது.

கணக்குக் காட்டாதவனின் உறவினரையும் விலக்கியது அநியாயம் இல்லையா? தகப்பன் செய்ததற்கு மகன் என்ன செய்வான்? (வழக்கறிஞர், கோவை)

இந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. அந்த உறவினர் பட்டியல் மிக நீளம். சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பந்தலே அதில் அடங்கிவிடும். தனிமனித நீதிப்படி பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் விதி எழுதியவர்கள் ஊர்க் குடும்பத்தின் உள்ளே இருந்து எழுதினார்கள். இந்த ஆண்டு ஏரி வாரியத்தில் இருந்தவன் கணக்கை மறைத்தால், அடுத்த ஆண்டு அந்த வாரியத்துக்கு அவன் மைத்துனன் வரலாம். மைத்துனன் திருடமாட்டான், பழைய கணக்கைக் கேட்காமல் மட்டும் இருந்துவிடுவான். அந்த மௌனத்தைத்தான் அடைத்தார்கள். இன்னொரு பயனும் உண்டு என்று நினைக்கிறேன். கணக்குக் காட்டாதவனை அதிகாரி வந்து மிரட்டும் முன், மாமனார் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். இந்தத் தண்டனையை இன்றைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் பின்னால் இருந்த கவலையை விட்டுவிடவும் மாட்டேன்.

இதை உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று நாம் பெருமைப்படலாமா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

கூடாது, அம்மா. அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர், சதுர்வேதிமங்கலம். நிலமில்லாதவர் இல்லை, பெண்கள் இல்லை, வயலில் இறங்கி உழைத்தவர் இல்லை. அரச அதிகாரியும் சபையில் இருந்தார். மாணவர்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நான் பெருமைப்படும் இடம் வேறு. 919இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆகிறது. தாங்கள் கல்லில் வெட்டிய விதியிலேயே குறை இருப்பதாக ஒப்புக்கொண்டு, மறுபடியும் கூடி, மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பழையதை அழிக்கவும் இல்லை. இரண்டும் அந்தச் சுவரிலேயே நிற்கின்றன.

நல்லவர்கள் ஏன் பொதுவாழ்வுக்கு வருவதில்லை? (பெயர் வேண்டாம் என்றவர்)

வருகிறார்கள். வந்த பிறகு அவர்களைத் தனியாக விட்டுவிடுகிறோம்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் என் நண்பர். இரண்டு ஆண்டாகக் கணக்கு வைக்கவில்லை. கேட்டால் நட்பு போய்விடுமோ என்று தயங்குகிறேன். (சங்கச் செயலாளர், சென்னை)

ஐயா, கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய படிப்பகம் நடத்தினோம். பணப்பொறுப்பு என் நண்பரிடம் இருந்தது. அவர் கணக்குக் காட்டவில்லை, நானும் மரியாதை கருதிக் கேட்கவில்லை. ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். ஐந்து வருடம் அப்படியே போயிற்று. ஒருநாள் மாரடைப்பில் அவர் இறந்துவிட்டார். காரியம் முடிந்த மறுவாரம் அவர் மனைவி ஒரு நீல அட்டை நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். சுண்ணாம்பு வாங்கிய செலவு, பல்பு மாற்றிய செலவு, தன் கையிலிருந்து போட்ட பணம் என்று எல்லாம் தேதி வாரியாக இருந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. "யாருமே கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றார் அந்த அம்மா.