கையில் ஒரு கைக்கோடரி, காட்டில் 54 நாள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பிரையனுக்கு 13 வயது. அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா கனடாவின் வடக்கே எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறார். கோடை விடுமுறைக்கு அவரைப் பார்க்கச் சின்ன விமானத்தில் கிளம்புகிறான். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் காட்டுக்கு நடுவே ஓர் ஏரியில் விழுகிறது. கிளம்பும்போது அம்மா கொடுத்த கைக்கோடரி மட்டும் பெல்ட்டில் தொங்குகிறது. அதை வைத்துக்கொண்டு 54 நாள் தனியாகத் தாக்குப்பிடிக்கிறான். கேரி பால்சன் எழுதிய ‘ஹேட்செட்’ நாவல் இதுதான். 1988இல், சிறுவர் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் நியூபெரி ஹானர் என்ற கௌரவத்தைப் பெற்றது.

சென்னையில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் சிறுவர் வாசிப்பு வட்டத்தில் இதை இதுவரை ஆறு குழுக்களோடு படித்திருக்கிறேன். இந்த முறை முடித்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே கேள்வி பல சீட்டுகளில் வந்திருந்தால் சேர்த்துவிட்டேன். கதையின் முடிவும் இதில் வரும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

பெரம்பூர், ஐந்தாம் வகுப்புப் பையனின் அம்மா: என் பையனுக்குப் பத்து வயசு. இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா மேடம்?

தனியாகப் படிக்க 11, 12 வயது சரியாக இருக்கும். பத்து வயது என்றால் நீங்களும் கூடவே படியுங்கள். முன்கூட்டியே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடங்கள் நான்கு. ஆரம்பத்திலேயே விமானி இறப்பது. கடைசிப் பகுதியில் ஏரிக்குள் மூழ்கும் பிரையன், விமானத்துக்குள் அந்த விமானியின் உடலைப் பார்ப்பது. அம்மா வேறொருவருடன் இருந்ததை அவன் பார்த்துவிட்ட விஷயம். கதையில் அதற்கு ‘ரகசியம்’ என்றே பெயர். நான்காவதுதான் கனமானது. தேடி வந்த விமானம் அவனைப் பார்க்காமல் திரும்பிப் போன பிறகு, வாழவே வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு உடைந்துபோகிறான். சில வரிகள்தான், ஆனால் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

அந்தப் பக்கத்தை மறைக்க வேண்டாம். படிக்கும் நேரத்தில் வீட்டில் இருங்கள். “அவனுக்கு அப்போ என்ன மாதிரி இருந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பையன் பேசும்வரை பொறுமையாக இருங்கள். உங்கள் வீட்டிலோ நெருங்கிய உறவிலோ சமீபத்தில் பிரிவோ இழப்போ நடந்திருந்தால் ஒரு வருஷம் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

அயனாவரம், 12 வயது: அக்கா, கோடாலியைக் கல்லுல அடிச்சா நிஜமாவே நெருப்பு வருமா?

பொறி வரும். நெருப்பு வருவது வேறு கதை. இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயமும் அதுதான்.

இருட்டில் குகைக்குள் முள்ளம்பன்றி நுழைந்துவிடுகிறது. பயத்தில் பிரையன் கோடரியை வீசுகிறான். அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்குக் காலில் குத்திய முட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. விடிந்த பிறகுதான் இரவில் பார்த்தது என்ன என்று புரிகிறது.

நம் ஊரில் இதற்குச் சிக்கிமுக்கிக் கல் என்று பேரே உண்டு. தெருவில் கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் நீ பார்த்திருப்பாயே, சக்கரத்தில் கத்தி பட்டதும் மத்தாப்பு மாதிரி பறக்குமே, அதே விஷயம்தான். எரிவது கல் இல்லை தம்பி, இரும்பு. இரும்பைவிடக் கெட்டியான கல், இரும்பைத் துகள் துகளாகச் சீவுகிறது. சூடேறிய அந்தத் துகள் காற்றில் பட்டு எரிகிறது. அதனால் எந்தக் கல்லும் ஆகாது. செங்கல்லில் நாள் முழுக்க அடித்தாலும் ஒன்றும் வராது.

போன வருஷக் குழுவோடு எங்கள் மொட்டைமாடியில் செய்து பார்த்தோம். ஒரு பையன் அவன் தாத்தா ஊரிலிருந்து வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கொண்டுவந்தான். பழைய அரம் ஒன்று என்னிடம் இருந்தது. இருட்டிய பிறகு அடித்தோம். ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னப் பொறி. எல்லோரும் கத்திவிட்டார்கள். தேங்காய் நாரில் விழுந்தது, பற்றவில்லை. தலையணையிலிருந்து எடுத்த இலவம்பஞ்சில் விழுந்தது, அதுவும் பற்றவில்லை. கை எரிய ஆரம்பித்துவிட்டது, அரைமணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில் முன்பே கருக்கி வைத்திருந்த பருத்தித் துணித் துண்டில் ஒரு பொறி உட்கார்ந்தது. கடுகளவு சிவப்புப் புள்ளி. ஊத ஊத அந்தப் புள்ளி வட்டமாகப் பெரிதானது. அப்புறம் அதை நாருக்குள் வைத்து ஊதிய பிறகுதான் தீ வந்தது.

பிரையனும் இப்படித்தான் தடுமாறுகிறான். காய்ந்த புல் வைக்கிறான், பற்றவில்லை. பையிலிருந்த இருபது டாலர் நோட்டைக் கிழித்துப் போடுகிறான், அதுவும் பற்றவில்லை. பிர்ச் மரத்தின் பட்டையை முடி மாதிரி மெல்லிசாகக் கிழித்து வைத்து, ஊதவும் கற்றுக்கொண்ட பிறகுதான் தீ கிடைக்கிறது. அந்தப் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரத்தில்கூட எரியும். முதல் தடவையிலேயே அவனுக்குச் சரியாக வந்த வேலை இந்தப் புத்தகத்தில் அநேகமாக எதுவும் கிடையாது. தவறியது ஏன் என்று உட்கார்ந்து யோசிக்கிறான், அடுத்த தடவை ஒன்றை மாற்றிப் பார்க்கிறான். அவனைக் காப்பாற்றியது கோடரி என்று சொல்வதைவிட அந்தப் பழக்கம் என்றுதான் நான் சொல்வேன்.

நீ செய்து பார்ப்பதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும் வேண்டும்.

அம்பத்தூர், 11 வயது: ஈட்டியால குத்தினா மீன் ஏன் சிக்கவே இல்லை?

தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது ஒளி வளைகிறது. அதனால் மீன் உண்மையில் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும். கண்ணுக்குத் தெரியும் மீனுக்குக் கொஞ்சம் கீழே குறிவைக்க வேண்டும். ஒரு சொம்புக்குள் காசைப் போட்டு, காசு கண்ணுக்கு மறையும்வரை பின்னால் நகர்ந்துகொள். தம்பியை விட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல். நகராமலே காசு தெரியும்.

வேளச்சேரி, 11 வயது: ஆமை முட்டையைச் சாப்பிட்டது தப்புதானே மிஸ்? எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை.

உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும் கண்ணு. பிப்ரவரியில் நாம் பெசன்ட் நகர் கடற்கரையில் ராத்திரி நடந்தபோது நீயும் வந்தாய். பங்குனி ஆமை போட்டுவிட்டுப் போன குழியைத் தோண்டி எடுத்தபோது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோமே, பிங்பாங் பந்து மாதிரி நூற்றுக்கு மேல் முட்டை. ஒவ்வொன்றையும் பையில் எடுத்துவைத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1988 முதல் சென்னை மாணவர்கள் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள். அதைப் பார்த்த ஒருத்திக்கு, பிரையன் முட்டையை உடைத்துக் குடிக்கும் பக்கம் தொண்டையில் நிற்கத்தான் செய்யும்.

இந்த ஆமை நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அதன் முட்டையை எடுப்பது குற்றம். பிரையன் பார்த்தது ஏரியில் வாழும் வேறொரு ஆமை, அவனுக்கோ நாள்கணக்கில் பசி. அவன் செய்ததைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குக் கஷ்டமாக இருந்ததையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவனுக்கே முதல் முட்டை குமட்டுகிறது, கவனித்தாயா?

கொளத்தூர், ஒரு அப்பா: இதைப் படித்தால் காட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கற்றுக்கொள்வார்களா?

இதைக் கையேடாக நினைத்துக் கொடுக்காதீர்கள் சார். கனடா ஏரித் தண்ணீரைப் பிரையன் அப்படியே குடிக்கிறான். நம் பிள்ளை எந்த ஏரியிலும், எந்த ஓடையிலும் அப்படிக் குடிக்கக் கூடாது, அங்கேயும் அது பாதுகாப்பு இல்லை. பறவைகள் கொத்தித் தின்பதைப் பார்த்து ஒரு பழத்தை அவனும் வயிறு நிறையத் தின்கிறான், அன்று ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். பறவை தின்றால் நாமும் தின்னலாம் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் இருக்கிறது. பொய்யான நம்பிக்கை அது.

நம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆபத்தை முதலில் காட்டுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறார்களே, அந்தக் குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் அரளி, ஊமத்தை இரண்டும் நம் தெருவோரத்திலேயே நிற்கின்றன. இந்த மூன்றையும் அடையாளம் காட்டினாலே பாதி வேலை முடிந்தது.

மலைக்கோ காட்டுக்கோ சுற்றுலா போகும்போது சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: வழி தவறிவிட்டது என்று தெரிந்த நொடியில் நில். ஒரு மரத்தடியில் உட்கார். நடந்துகொண்டே இருந்தால் தேடுகிறவர்களிடமிருந்து விலகித்தான் போவாய். கழுத்தில் ஒரு விசில் கட்டிவிடுங்கள், போன் இருந்தால் 112.

அண்ணா நகர், 13 வயது: இது உண்மைக் கதையா? ஒரு பொண்ணு இந்த மாதிரி மாட்டிக்கிட்டா?

பிரையன் கற்பனை. ஆனால் எழுதியவர் காட்டில் திரிந்தவர். அலாஸ்காவில் பனியில் நாய்கள் இழுக்கும் வண்டியில் ஆயிரம் மைல் போகும் பந்தயத்தில் 1983இல் ஓடியவர். புத்தகத்தில் கொசு கடிக்கிற பக்கங்களைப் படித்தால் தெரியும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதியது இல்லை.

உன் இரண்டாவது கேள்விக்கு நடந்ததையே சொல்கிறேன். 2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சின்ன விமானம் விழுந்தது. விமானியும் மற்ற பெரியவர்களும் இறந்துவிட்டார்கள். நான்கு பிள்ளைகள் பிழைத்தார்கள். மூத்தவளுக்கு 13 வயது, கடைக்குட்டி கைக்குழந்தை. விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு, தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு, 40 நாள் அந்தக் காட்டில் அவள் தாக்குப்பிடித்தாள். அவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகள். எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்று வீட்டில் கற்றிருந்தாள். ராணுவமும் பழங்குடியினரும் சேர்ந்து தேடி ஜூன் 9ஆம் தேதி நான்கு பேரையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். இந்தச் செய்தியை வட்டத்தில் படித்துக் காட்டிய அன்று யாரும் வீட்டுக்குக் கிளம்பவே இல்லை.

இன்னொருவர் ஜூலியான கோப்கே. 1971 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பெருவில் விமானம் மின்னல் தாக்கி உடைந்தது. 17 வயதில் அவர் ஒருத்தி மட்டும் பிழைத்தார். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கி, பதினோரு நாள் கழித்து மனிதர்களைப் பார்த்தார். அப்பா அம்மா இருவரும் காட்டில் ஆராய்ச்சி செய்தவர்கள், ஓடை வழியே போனால் ஊர் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தாம்பரம், சிறார் கதை எழுதுபவர்: இதே போலத் தமிழில் ஒரு நாவல் எழுத ஆசை. ஆனைமலைக் காட்டில் வைக்கலாமா?

எழுதுங்கள், எத்தனையோ வருஷமாக இதற்காகத்தான் காத்திருக்கிறேன். ஆனால் கனடாவை அப்படியே ஆனைமலையில் இறக்காதீர்கள். நம் காடுகளில் ஒரு பையன் நடந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் தேயிலைத் தோட்டமோ, பழங்குடிக் குடியிருப்போ, வனத்துறை ஜீப் பாதையோ வந்துவிடும். 54 நாள் யாருமே இல்லை என்றால் ஆனைமலைப் பக்கத்துப் பிள்ளையே சிரித்துவிடும்.

நானாக இருந்தால் கடலை எடுப்பேன். காசிமேட்டுப் பையன், மாமாவோடு ஃபைபர் படகில் போகிறான், எஞ்சின் நின்றுவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. மழை வந்தால் தார்ப்பாயில் பிடிக்க வேண்டும். வாடையா கொண்டலா கச்சானா என்று காற்றைப் படிக்கத் தெரிந்தவன் பிழைப்பான். அந்தச் சொற்களெல்லாம் கடற்கரையில் இன்றும் புழங்குகின்றன, போய்க் கேளுங்கள். 

காடுதான் வேண்டும் என்றால் தனிமையை விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து போகும் பிள்ளையை ஓர் இருளர் பாட்டியோடு ஒரு மழைக்காலம் இருக்கவிடுங்கள். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. அங்கே எடுக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள், 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். மண்ணில் ஒரு கோடு விழுந்திருப்பதைப் பார்த்துப் பாம்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்கிறவர்கள் அவர்கள். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒன்றும் புரியாமல் நிற்கும் காட்சியிலிருந்து உங்கள் நாவல் தொடங்கலாம்.

கே.கே. நகர், பத்தாம் வகுப்பு: முடிவு சப்புனு இருக்கு அக்கா. திடீர்னு விமானம் வந்து கூட்டிட்டுப் போயிடுது.

முதல் தடவை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூழ்கிய விமானத்திலிருந்து அவசரகாலப் பையை எடுத்துவிடுகிறான். அதிலிருந்த ஒலிபரப்பியின் பொத்தானை, வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறான். அந்தச் சமிக்ஞையைக் கேட்டுத்தான் ஒரு விமானி வருகிறார். வீரச்செயல் எதுவும் இல்லை.

அதற்கு ஒரு பக்கம் முன்னால் போய்ப் பார். அதே பையில் துப்பாக்கியும் லைட்டரும் இருக்கின்றன. 54 நாள் எவற்றுக்காக ஏங்கினானோ அவை கைக்கு வந்துவிட்டன. ஆனால் துப்பாக்கியைப் பிடித்ததும் அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. இனி எதையும் கவனிக்க வேண்டாம், தெரிந்துகொள்ள வேண்டாம், சுட்டால் போதும் என்று ஆகிவிடுகிறது. காட்டிலிருந்து தன்னை யாரோ தள்ளி நிறுத்திவிட்ட மாதிரி உணர்கிறான். என்னைப் பொறுத்தவரை கதை அங்கேயே முடிந்துவிட்டது. அவன் வளர்ந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பத்தியில்தான். அவன் மீட்கப்படாமல் குளிர்காலம் வந்திருந்தால் என்ன ஆகும் என்று பால்சனே 1996இல் தனி நாவல் எழுதினார், வட்டத்து அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

சீட்டில் பேர், ஊர் எதுவும் இல்லை: அவன் அப்பாகிட்ட ரகசியத்தை ஏன் சொல்லவே இல்லை?

இந்தச் சீட்டைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு பிரையன் பலமுறை சொல்லப் பார்க்கிறான், ஒருமுறை வாய்வரை வந்துவிடுகிறது, கடைசிவரை சொல்வதில்லை. ஏன் என்று ஆசிரியர் எழுதவில்லை. விமானத்தில் போகும்போது அந்த ரகசியம் அவனுக்குள் நெருப்பு மாதிரி எரிகிறது. காட்டில் பசியும் கொசுவும் மழையும் வந்த பிறகு அந்த நினைப்பு வருவது குறைந்துகொண்டே போகிறது. அது சின்ன விஷயமாகிவிட்டதா, இல்லை அதைத் தூக்கிச் சுமக்கும் பலம் அவனுக்கு வந்துவிட்டதா? எங்கள் குழுவில் ஒரு பெண் சொன்னாள்: “அவனுக்கு அம்மா மேல கோவம் போயிருக்கும். அந்தக் கோடாலி அம்மா குடுத்ததுதானே.” நான் இத்தனை தடவை படித்தும் எனக்குத் தோன்றாதது அது.

நீ யார் என்று நான் தேடப் போவதில்லை. உன்னிடமும் அப்படி ஒன்று இருந்து, சொல்ல வேண்டும் என்று தோன்றினால், சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு ஆறரை மணிவரை நான் அங்கேதான் இருப்பேன். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றால் 1098க்கு எந்த நேரமும் பேசலாம், பிள்ளைகளுக்கென்றே உள்ள எண், காசு கிடையாது.