ஊருக்குப் போகாதவர்களின் கோடை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை, செலவுக்கும் வழியில்லை, அதனால் இந்த முறை எங்கேயும் போகவில்லை. கோடை என்றாலே மலை, கடல் என்று நகரத்தை விட்டுக் கிளம்புவதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். கிளம்ப முடியாதவர்கள் என்ன செய்வது? பத்து வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று, இரண்டும் நாள் முழுக்க செல்போனும் கையுமாக இருக்கின்றன. பேசாமல் தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? ஒரு பெரிய நகரத்தில் கோடையை ரசிக்க முடியும் என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். நிஜமாகவே நினைக்கிறேன். ஆனால் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை முடியாது, அந்த ஐந்து மணி நேரத்தை வெயிலிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். மீதி நேரம் நம்முடையது. நகரத்துக் கோடையில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மேகங்களுக்கு இன்று நாம் வழங்கும் பெயர்களை 1802-ல் முன்மொழிந்த லூக் ஹோவர்டு என்ற லண்டன்காரர், தன் ஊரின் வெப்பநிலையையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். சுற்றியிருந்த நாட்டுப்புறத்தைவிட நகரம் இரவில் சராசரியாக 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூட்டோடு இருப்பதை அப்போதே கண்டார். அதாவது நகரத்தின் வெப்பம் அதிகம் தெரிவது ராத்திரியில். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தாரும் கான்கிரீட்டும் பொழுது சாய்ந்த பிறகு அதை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. குறுகலான தெருக்களில் அந்தச் சூடு மேலே போக வழியில்லாமல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குக் கைதொட்டே காட்டலாம். இன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் மேற்கு பார்த்த சுவர் ஒன்றில் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள், சூரியன் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் சுடும். அப்படியே பக்கத்தில் இருக்கும் மரத்தண்டைத் தொட்டுப் பார்க்கட்டும். பிறகு புல்தரை. மரம் வேரால் இழுத்த தண்ணீரை இலை வழியாக ஆவியாக்குகிறது, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை, அது சுற்றுப்புறத்திலிருந்துதான் போகிறது. மரத்தடியில் நமக்கு ஜில்லென்று இருப்பதற்கு நிழல் ஒரு காரணம், இது இன்னொன்று. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். ஒரு சாதாரண தெர்மாமீட்டரும் நோட்டுப் புத்தகமும் கொடுத்துவிட்டால் ஒரு வாரத்தில் உங்கள் பேட்டையில் எந்த இடம் எத்தனை மணிக்குக் குளிரும் என்று அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். (தெர்மாமீட்டரை நிழலில் வைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் அது காற்றின் அளவைக் காட்டாது.)

அதிலிருந்து ஒரு வழக்கம் தானாக வந்துவிடும். பகலில் வெளியே போயே ஆக வேண்டுமென்றால் கட்டட நிழல் விழும் குறுகிய சந்துகள், ராத்திரியில் வானம் அகலமாகத் தெரியும் திறந்தவெளி. பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள், மதியம் மைதானத்தைக் கடந்து போய்விட்டு ராத்திரி சுட்ட தெருவிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்புறம் காலை. ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் நள்ளிரவு அல்ல, சூரியன் உதிப்பதை ஒட்டிய நேரம். அதைத் தூங்கித் தொலைப்பதுதான் கோடையில் நாம் செய்யும் பெரிய வீண்செலவு! கோடையில் சூரியனும் சீக்கிரமே எழுந்துவிடுகிறது, ஆகவே அலுவலகத்துக்கு முன்பே ஒன்றரை, இரண்டு மணி நேர வெளிச்சம் உங்களுக்கு மிச்சம். விடுமுறையில் நகரத்தின் நெரிசல் குறைந்திருக்கும். மற்ற மாதங்களில் வண்டிகளின் இரைச்சலில் கேட்காத பறவைகள் கேட்கும், பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு தெரு கிடைக்கும். பழைய கட்டடங்களை அண்ணாந்து பார்த்து நடக்கவும் இதுதான் நேரம், பகலில் நாம் காலடியைப் பார்த்தே ஓடிக்கொண்டிருக்கிறோம்.

மதியத்துக்கு நூலகம். பிள்ளைகளை அங்கே விட்டால் செல்போன் தானாகக் கொஞ்சம் விலகும். வீட்டில் இருந்தால் வெயில் விழும் ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் மறைப்புக் கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் போதாது, கண்ணாடியைத் தாண்டிய வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யாரேனும் இருந்தால் மாலை நடைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மொட்டை மாடிச் சூடு முழுக்க அவர்கள் தலைக்கு நேரே இறங்குகிறது, வயதாக ஆகத் தாகமும் சரியாகத் தெரியாது. வெளியே வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வாசலில் ஒரு குடம் தண்ணீர் வையுங்கள், அதை நிரப்பும் பொறுப்பைச் சின்னவரிடம் கொடுக்கலாம்.

சரி, தாத்தா பாட்டி வீடு. தாராளமாக அனுப்புங்கள், அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் வேண்டாமா? ஆனால் விடுமுறை முழுக்க வேண்டாம், ஒரு இரண்டு வாரம் போதும். மீதி நாட்கள் உங்களோடு இருக்கட்டும், நாளைக்குக் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுங்கள்.

அன்புடன்.