சூரியப் புயல் வந்தால் காஸ்மிக் கதிர்களும் கூடுமா? விமானத்தில் போவது ஆபத்தா?

காஸ்மிக் கதிர்கள் கூடுவதில்லை. பெரும்பாலான நேரம் நடப்பது நேர்மாறு, சூரியன் கொந்தளித்தால் காஸ்மிக் கதிர்கள் குறையும்.

காஸ்மிக் கதிர் என்று பொதுவாகச் சொல்வது சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் புரோட்டான்களையும் அணுக்கருக்களையும். மின்னூட்டம் உள்ளவை, ஆகவே காந்தப்புலம் அவற்றைத் திசை திருப்பிவிடும். சூரியன் தன் காந்தப்புலத்தைச் சூரியக் காற்றோடு, அதாவது தன்னிடமிருந்து ஓயாமல் வெளியேறும் மின்னூட்டத் துகள்களோடு, எல்லாப் பக்கமும் வீசிக்கொண்டே இருக்கிறது, அது வலுத்திருக்கும் ஆண்டுகளில் வெளியே இருந்து வருபவை உள்ளே நுழையவே திணறும். காந்தப் புயலின்போது கதிர்கள் சட்டென்று குறைவதை அமெரிக்க இயற்பியலாளர் ஸ்காட் ஃபோர்புஷ் 1937-லேயே கவனித்தார். அப்புறம் 1954-ல், சூரியனின் கொந்தளிப்பு கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சி ஏறும்போது கதிர்கள் இறங்குவதையும் காட்டினார். அந்தத் திடீர்ச் சரிவை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

சரி, சூரியனே துகள்களை அனுப்பாதா? அனுப்பும், ஆனால் அவற்றில் மிகப் பலவற்றுக்கு ஆற்றல் போதாது. நம் தலைக்கு மேலுள்ள காற்றின் மொத்த எடை 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். தரையில் தடம் தெரிய வேண்டுமானால் ஒரு புரோட்டான் மேலே காற்றணுவில் மோதி, அதில் கிளம்பும் நியூட்ரான்கள் கீழே வரை வந்து சேர வேண்டும்; சில நூறு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இல்லாதவை உயரத்திலேயே நின்றுவிடும். நின்றாலும் சும்மா இருப்பதில்லை. துருவப் பகுதிகளுக்கு மேலே காற்றை அயனியாக்கிச் சிற்றலை ரேடியோவை முடக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கி அங்குள்ள ஓசோனையும் குறைக்கும். 2003 அக்டோபர் இறுதியில் வந்த புயல்களுக்குப் பிறகு இதைச் செயற்கைக்கோள்கள் நேரடியாக அளந்தன.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் 2024 மே மாதப் புயல். பின்லாந்தின் ஔலு நியூட்ரான் மானிட்டர் தரைக்கு வந்து சேரும் இந்த நியூட்ரான்களை 1964 முதல் எண்ணிக்கொண்டிருக்கிறது, அதன் தரவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, நான் அடிக்கடி போய்ப் பார்ப்பேன். மே 10 அன்று சூரியனிலிருந்து வந்த காந்த மேகங்கள் பூமியை மூடியதும் எண்ணிக்கை கீழே விழுந்தது. மறுநாள் அதிகாலை, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஒரு சின்ன மேடு: அது சூரியனிலிருந்தே வந்த, தரையை எட்டும் அளவு ஆற்றல் கொண்ட துகள்கள். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதும் தானே அனுப்புவதும் ஒரே வரைபடத்தில்! யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

இப்படித் தரை வரை எட்டுவது அபூர்வம், 1940-களிலிருந்து பதிவானவை எழுபத்துச் சொச்சம்தான். கருவிகள் பார்த்ததில் மிகப் பெரியது 1956 பிப்ரவரி 23 அன்று வந்தது. ஆனால் கருவிகளுக்கு முந்திய காலத்துக்கு மரங்கள் இருக்கின்றன. இந்த நியூட்ரான்கள் நைட்ரஜனைக் கார்பன்-14 ஆக மாற்றும், மரம் அதை உள்ளிழுத்து அந்தந்த ஆண்டு வளையத்தில் வைத்துக்கொள்ளும். ஜப்பானிய செடார் மர வளையங்களில் கி.பி. 774-775-க்கு ஒரு பெரிய தாவல் இருப்பதை ஃபுசா மியாகே குழு 2012-ல் வெளியிட்டது. துருவப் பனியில், இதே மாதிரி மோதல்களில் உண்டாகும் பெரிலியம்-10 அளவும் அதே காலத்தில் ஏறியிருக்கிறது. சூரியத் துகள் வெடிப்புதான் காரணம் என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம், அப்படியானால் அது 1956-ல் வந்ததைப் போலப் பல பத்து மடங்கு. இந்தத் துறையில் இதைவிட முக்கியமான ஆய்வு இப்போது இல்லை என்பேன், ஏனென்றால் சூரியனால் எவ்வளவு முடியும் என்பதை நம் எழுபது எண்பது ஆண்டு அளவீடுகள் மட்டும் சொல்லாது.

விமான விஷயத்துக்கு வருகிறேன். எப்போதாவது பறப்பவர் கவலைப்பட ஒன்றுமில்லை. பெரிய புயலின்போது துருவ வழி விமானங்களைத் திருப்பிவிடுவது உண்டு, அதற்கு ரேடியோ தொடர்பு அறுந்துபோவதும் ஒரு முக்கியக் காரணம். ஆண்டு முழுக்கப் பறக்கும் ஊழியர்களுக்குத்தான் கணக்கு வைக்க வேண்டும், ஐரோப்பாவில் அது சட்டமே. அவர்களுக்குச் சேரும் கதிர்வீச்சில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால்தான், அதனால் அது கூடுவது சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளில்.