200-ல மங்குதா? லென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி
அண்ணே, கேமரா கம்பெனியோடது இல்லாம வேற கம்பெனியோட 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கி, மத்தியானம் மதுரை ஒத்தக்கடையில நின்னு யானைமலையை 200-ல எடுத்தா மங்குதுன்னு கேட்டிருக்கீங்க. அந்த வெயில்ல நடுவுல அலையுற சூட்டுக்காத்துதான் படத்தைக் குழப்பும். எந்த லென்ஸும் தப்பாது.

விடிஞ்சதும் ஒரு செங்கல் சுவர் முன்னாடி டிரைபாட் போடுங்க. ஆட்டம் தடுக்கிற சுவிட்சை அணைச்சு, 2 செகண்ட் டைமர் வைங்க. லைவ் வியூவுல, அதாவது கேமராவோட பின்பக்கத் திரையில பெருசாக்கி, கையால ஃபோகஸ் பண்ணி, லென்ஸ் திறப்பை (அபெர்ச்சர்) எஃப் 2.8, 5.6 ரெண்டுலயும் வச்சு எடுங்க. அப்புறம் ஆட்டோஃபோகஸ்லயும் எடுத்துப் பாருங்க. ஆட்டோஃபோகஸ்ல மட்டும் மங்குனா ஃபோகஸ் கோளாறு, பெரும்பாலும் சரிபண்ணிடலாம். 5.6-லயும் ஒரு பக்க மூலை மட்டும் குழைஞ்சிருந்தா உள்ளே கண்ணாடி கோணல், மாத்திடுங்க. ஆனா கேமரா சுவருக்கு நேரா இருக்கணும். நான் சாய்ச்சு வச்சு எடுத்து, நல்ல லென்ஸையே திருப்பிக் கொடுத்த ஆளு!