மீன்தொட்டிக் கேள்விகள்: குளிரில் குஞ்சு பிழைக்குமா?

கோத்தகிரியில் என் சமையலறையை ஒட்டிய அறையில் 7 தொட்டிகள் இருக்கின்றன. 18 வருடமாக அங்கேதான் மீன்குஞ்சு எடுத்து வருகிறேன். இந்த மாதம் மலை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, 4 மாதத்துக்கு முன் 2 ஜோடி கப்பி வாங்கினேன். பெண் மீனின் வயிறு பெருக்கிறது, அப்புறம் வற்றிவிடுகிறது. ஒரு குஞ்சைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஏன்?
— கல்லூரி மாணவி, குன்னூர்

குட்டி போட்டிருக்கிறதம்மா. நீங்கள் பார்ப்பதற்குள் தாயும் மற்ற மீன்களும் தின்றுவிட்டன. கப்பி முட்டையிடுவதில்லை, நீந்துகிற குஞ்சாகவே போடும். அந்தக் குஞ்சுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். தொட்டியின் ஒரு பக்கம் முழுக்க வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டுவையுங்கள். தாய் உள்ளே நுழையத் திணறும் அளவுக்கு அடர்த்தி இருக்கட்டும்.

கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் தாயை அடைத்து வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. நிறைமாத மீன் அந்த இடுக்கில் மிரண்டு போகிறது. அதைவிட 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பாசி போட்டு, வயிறு பெட்டி மாதிரி சதுரமாகி வால் பக்கத்துக் கரும்புள்ளி அடர்ந்ததும் அங்கே மாற்றுங்கள். குட்டி போட்டதும் தாயைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

குன்னூரில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீர் 25 டிகிரி இருந்தால் 4 வாரத்துக்கு ஒரு ஈடு வரும். 20-க்குக் கீழே இறங்கினால் நாள் தள்ளிப்போகும், குஞ்சும் சோர்ந்து பிறக்கும். அடுத்தது, நம் மலைத் தண்ணீர் மென்மையானது. கப்பிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். கிளிஞ்சலை நன்றாகக் கழுவி ஒரு கைப்பிடி போட்டால் போதும்.

2 ஆணுக்கு 2 பெண் என்பது பெண் மீன்களுக்குப் பெரிய தொல்லை. ஓர் ஆணுக்கு 2 அல்லது 3 பெண் இருக்கட்டும். புது மீன் அவசரமாக வாங்க வேண்டியதில்லை, ஓர் ஆணை வேறு டப்பாவுக்கு மாற்றினாலே போதும். ஒருமுறை சேர்ந்த பெண் அந்த விந்தை உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும்.

ஃபைட்டர் குஞ்சு எடுக்க ஆசை. ஹீட்டர் வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்கிறார் அப்பா. இரவில் அறையில் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தினால் போதுமா? நானும் தம்பியும் அங்கேதான் தூங்குகிறோம்.
— பிளஸ் 1 மாணவன், ஊட்டி

வேண்டாம் தம்பி. இதைப் படித்ததும் அந்த அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிடு. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போனது நம் மலைகளில் நடந்திருக்கிறது. இந்தப் பதிலை அப்பாவிடமும் காட்டு.

அவரிடம் இந்தக் கணக்கையும் சொல்லு. 50 வாட் ஹீட்டர் 20 மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் 1 யூனிட் ஆகும். 20 லிட்டர் தொட்டிக்கு அது போதும். லிட்டருக்கு 1 வாட் என்று கடையில் சொல்வது சமவெளிக் கணக்கு, ஊட்டிக்கு இரண்டு மடங்கு வை. மூன்று பக்கமும் அடியிலும் தெர்மாகோல் ஒட்டினால் ஹீட்டர் அடிக்கடி அணைந்து ஓய்வெடுக்கும்.

ஃபைட்டருக்கு 27 டிகிரி வேண்டும், அதுவும் ஏறி இறங்காமல். ஆண் மீன் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். முட்டை இட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடு, இல்லாவிட்டால் அடித்தே கொன்றுவிடும். ஒன்றரை நாளில் பொரியும். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் குஞ்சுகள் நேராக நீந்த ஆரம்பித்ததும் ஆணையும் எடுத்துவிட வேண்டும். தொட்டியைக் கண்ணாடியால் மூடியே வை. சில வாரத்தில் குஞ்சு மேலே வந்து காற்றைக் குடிக்கப் பழகும். அந்த நேரத்தில் ஊட்டிக் குளிர்காற்று பட்டால் தாங்காது.

ஒரு டிசம்பரில் கம்பி மேல் மரம் விழுந்து எங்கள் தெருவில் இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை. 60 ஃபைட்டர் குஞ்சில் விடியும்போது 4 இருந்தது. அன்றைக்கு அழுதேன். இப்போது கரண்ட் போனால் உடனே சுடுதண்ணீரை பாட்டிலில் அடைத்துத் தொட்டியில் மிதக்க விடுகிறேன், மேலே கம்பளி போர்த்துகிறேன். நீ ஏப்ரல் வரை பொறுத்து ஆரம்பி.

அதுவரை கை பழக வெள்ளி வரி ஓடும் சின்ன மீன் ஒன்று உண்டு, வைட் கிளவுட் என்று கேள். சீனாவின் மலை ஓடை மீன் அது. 18 டிகிரியில் ஹீட்டர் இல்லாமலே உற்சாகமாக இருக்கும். இரவில் தண்ணீர் அதற்கும் கீழே ரொம்ப இறங்காமல் தெர்மாகோல் பார்த்துக்கொள்ளும். உன் ஊருக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிக்கிறார்களே, அந்த முட்டைக்கு 10 டிகிரித் தண்ணீரில் ஒரு மாதம் ஆகும். அந்தத் தண்ணீரில் ஃபைட்டர் செத்தே போகும். மீனைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் உன் அறையில் ஒரு தெர்மாமீட்டரை ஒரு வாரம் மாட்டிப் பார்.

குஞ்சுகளுக்கு நுண்ணுயிர்த் தீனி வளர்க்க எங்கள் தோட்டத்து முட்டைக்கோஸ் இலையை ஜாடியில் ஊறப்போட்டேன். 5 நாளாகியும் தண்ணீரில் ஓர் அசைவும் இல்லை.
— விவசாயி, மன்னவனூர்

கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் ஐயா? மருந்து பட்ட இலையில் நுண்ணுயிர் வளராது, அந்தத் தண்ணீர் குஞ்சையும் கொன்றுவிடும். கொட்டிவிடுங்கள். உங்கள் பக்கத்து மலைவாழைப்பழத் தோலில் ஒரு துண்டை நன்றாகக் கழுவிப் போட்டு, பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் ஜன்னலில் வையுங்கள். முதலில் பால் மாதிரி கலங்கி நாறும். அப்புறம் தெளிந்து நாற்றம் அடங்கும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைத் தூசி தானாக நகர்வது தெரியும், அதுதான் தீனி. சமவெளியில் 4, 5 நாள் ஆவது உங்கள் குளிரில் 10 நாளும் ஆகலாம். கப்பிக் குஞ்சுக்கு இந்தப் பாடு தேவையில்லை, பொடித்த தீனியையே தின்னும்.

கப்பி 200-க்கு மேல் பெருகிவிட்டது. பக்கத்து ஓடையில் விடலாமா?
— இல்லத்தரசி, கேத்தி

விடாதீர்கள். ஓடையில் ஏற்கெனவே வாழும் சின்ன மீன்களின் தீனியையும் இடத்தையும் வந்த மீன் பிடுங்கிக்கொள்ளும், நோயையும் கொண்டுபோகும். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், மீன்கடையில் தீனிக்கு மாற்றிக் கேளுங்கள். இனி 3 வாரக் குஞ்சிலேயே ஆண், பெண் பிரித்துவிடுங்கள். வால் பக்கத்தில் கரும்புள்ளி தெரிந்தால் பெண். அடித்துடுப்பு குச்சி மாதிரி ஒடுங்க ஆரம்பித்தால் ஆண்.