காற்பந்து கேள்வி-பதில்: சம்பளம் வராத கிளப்புக்கு யார் போவார்கள்?

கேள்வி: மலேசிய சூப்பர் லீக் ஆட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள், டிக்கெட் விற்கிறது. அப்புறம் ஏன் கிளப்புகள் சம்பளம் போட முடியாமல் தவிக்கின்றன? (வாசகர், செந்தூல்)

பதில்: டிக்கெட் காசில் கிளப்பை ஓட்ட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 ஆட்டக்காரர்கள், ஆளுக்குச் சராசரியாக மாதம் 10,000 ரிங்கிட். மாதச் சம்பளம் இரண்டரை லட்சம், ஆண்டுக்கு 30 லட்சம். முதலாளி பங்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 12 விழுக்காடு, அது இன்னொரு 3 லட்சத்து 60 ஆயிரம். பயிற்சியாளர், பஸ், ஹோட்டல், விமானம் எல்லாம் தனி. 13 குழுக்கள் ஆடும் லீக்கில் சொந்தத் திடலில் கிடைப்பது 12 ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் 3,000 பேர் வந்து தலைக்கு 15 ரிங்கிட் கொடுத்தாலும் மொத்தம் 5 லட்சத்து 40 ஆயிரம்தான். இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அரங்க வாடகையும் பாதுகாப்புச் செலவும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

மீதிப் பள்ளத்தை முன்பு மாநில அரசும் அதன் நிறுவனங்களும் நிரப்பின. மாநிலச் சங்கங்களின் குழுக்கள் தனியார் கிளப்புகளாக மாற வேண்டும் என்று விதி வந்து, 2021 பருவத்தில் அது நடைமுறைக்கு வந்தது. பெயர்ப்பலகை மாறியது, பணம் வரும் வழி பெரும்பாலும் மாறவில்லை. ஆட்சியோ ஸ்பான்சரோ மாறினால் இன்றும் கை நடுங்குகிறது.

உண்மையான தவறு நடப்பது பருவம் தொடங்கும் முன்புதான். ஸ்பான்சர் வாய்வார்த்தையாகச் சொன்ன தொகையை வருமானம் என்று எழுதிவைத்து, அதை நம்பி ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். வருவது பாதி. நான்காவது மாதத்தில் சம்பளம் தள்ளிப்போகிறது, ஆறாவது மாதத்தில் நின்றேவிடுகிறது.

2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் லீக்கில் ஆட லைசென்ஸ் கிடைக்கவில்லை. நம் மிஃபா (மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம்) குழுவாகத் தொடங்கி வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022-இல் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து ஆடிவிட்டு, பருவ முடிவில் தானே விலகிக்கொண்டது. நம் பிள்ளைகள் ஏறி வந்த ஏணி அது. அந்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது என்பது மனத்தை அறுக்கிறது.

கோப்பை வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. சீனாவின் ஜியாங்சு கிளப் 2020-இல் லீக் சாம்பியன். முதலாளி நிறுவனம் கைவிட்டதும் 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள்.

கேள்வி: அதிகச் சம்பளம் தருகிறோம் என்று அறிவித்த பிறகும் சில கிளப்புகளுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் ஏன் கிடைப்பதில்லை? (வாசகர், செராஸ்)

பதில்: எந்த கிளப் எத்தனை மாதம் பாக்கி வைத்திருக்கிறது என்பது ஆட்டக்காரர்களுக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். 15,000 என்று எழுதிக் கொடுத்து மூன்று மாதம் இழுக்கும் இடத்தைவிட, 8,000-ஐ மாதா மாதம் 28-ஆம் தேதி போடும் இடத்தைத்தான் வீட்டுக்கடன் கட்டுகிறவர் தேடுவார். இன்னொரு தடையும் உண்டு. பாக்கியைக் கொடு என்று ஃபிஃபா தீர்ப்பளித்து 45 நாளில் பணம் போகவில்லை என்றால், புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை விழும். அது தொடர்ந்து மூன்று பதிவுக் காலம் வரை நீளலாம். பிறகு ஆள் வந்தாலும் களத்தில் இறக்க முடியாது.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஒரு கிளப் ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது. எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்? (வாசகி, பிறை, பினாங்கு)

பதில்: முதலில் காலம். 18 வயதுக்குக் கீழே என்றால் ஃபிஃபா விதிப்படி மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போகக்கூடாது. ஐந்தாண்டுத் தாளை நீட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து சம்பளத்தைப் பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,500, ‘அலவன்ஸ்’ 2,500 என்று எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தகராறு வந்தால் முதலில் வெட்டப்படுவது அலவன்ஸ்தான். எந்தத் தேதியில் போடுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். காயம்பட்டு ஆட முடியாத மாதங்களில் சம்பளம் உண்டா, அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற வரிகளைத் தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்’ என்று நிபந்தனை போடுவதும் விதிக்கு விரோதம். பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். ‘பிறகு தருகிறோம்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

கிளப்பின் நாணயத்தை அளக்க நல்ல வழி ஒன்று உண்டு. அங்கே ஏற்கெனவே ஆடும் ஒருவரிடம் அவருடைய ஈபிஎஃப் செயலியைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சம்பளத்தில் 11 விழுக்காடு பிடித்துக்கொண்டு, செயலியில் மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் அந்த கிளப்பின் கைச்செலவுக்கே காசில்லை என்று அர்த்தம். சம்பளம் நிற்பதற்கு முன் நிற்பது பெரும்பாலும் ஈபிஎஃப்தான்.

கேள்வி: என் தம்பிக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிடலாமா? (வாசகர், ஜிஞ்சாங்)

பதில்: நிறுத்தவே கூடாது. அவர் வராமல் இருந்தால் ‘ஒப்பந்தத்தை மீறியது ஆட்டக்காரர்தான்’ என்று கிளப் திருப்பி அடிக்கும்.

இரண்டு மாதச் சம்பளமாவது பாக்கி இருந்தால் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் உண்டு என்கிறது ஃபிஃபா விதி. ஆனால் அதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக, வங்கிக் கணக்கு எண்ணோடு, கடைசித் தேதி குறிப்பிட்டு, கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் ‘பாஸ், சம்பளம் எப்போ?’ என்று கேட்டதை நம்பி முறிக்க வேண்டாம். 15 நாளும் பயிற்சிக்குப் போகட்டும், போனதற்கு ஆதாரமும் வைத்துக்கொள்ளட்டும். அந்த அவகாசம் முடிந்தும் முழுப் பணம் வரவில்லை என்றால், முறிக்கும் கடிதத்தைத் தனியாக அனுப்ப வேண்டும்.

இடையில் கிளப் ஒரு தாளை நீட்டும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் பணம் கணக்கில் ஏறும் முன் கையெழுத்து வேண்டாம். தவணையில் தருகிறோம் என்றால், ஒரு தவணை தவறினாலும் மொத்தத் தொகையும் உடனே கட்டியாக வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாததால் முதல் தவணையோடு நின்றுபோகும் கதைகள் அதிகம். உள்ளூர் ஆட்டக்காரர் என்பதால் வழக்கு மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் வழியே போகும். வெளிநாட்டவர் என்றால் ஃபிஃபாவுக்கு, இரண்டு ஆண்டுக்குள். நோட்டீஸ் எழுதும் முன்பே மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்கள் சங்கத்தில் தாள்களைக் காட்டுவது நல்லது.

கேள்வி: எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) குழுவுக்கு ஆள் சேரவே மாட்டேன் என்கிறது. வேறு குழு 50 வெள்ளி (ரிங்கிட்) கூடக் கொடுத்தால் போய்விடுகிறார்கள். (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: 50 வெள்ளிப் போட்டியில் இறங்காதீர்கள். வங்கியில் இருக்கும் பணத்தை முதலில் எண்ணுங்கள். திடல் வாடகை, நடுவர் கட்டணம், பந்து, ஜெர்சி ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவதை ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். வருவது 40 வெள்ளி என்றால் 40 வெள்ளியே சொல்லுங்கள். ஆனால் ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றும் நேரத்திலேயே அது கையில் இருக்க வேண்டும். ஷிஃப்டு வேலைக்காரர்கள் அதிகம் என்றால் பயிற்சி நேரத்தை அவர்களைக் கேட்டு வையுங்கள். கணுக்கால் சுளுக்கினால் கிளினிக் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, பருவம் தொடங்கும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.